பந்துக்குள் மாட்டிய கட்டைவிரல்

முதல் அறிகுறி வலி இல்லை. பந்து என்னை விடவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்லும் பௌலிங் கிரிக்கெட் இல்லை. வழவழப்பான மரத்தளத்தில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். பந்தில் மூன்று ஓட்டை இருக்கும். கட்டைவிரல் முதலில் வெளியே வரணும், மற்ற இரண்டும் பின்னால் வரணும். அதில்தான் வித்தையே. அன்றைக்குக் கட்டைவிரல் வரவில்லை. பந்தோடு நானும் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தேன். என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அவமானம்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். அஞ்சாவது வரை படித்தவள். மாமல்லபுரம் பக்கம் ஈசிஆரில் ஒரு பௌலிங் கூடத்தில் வாடகை ஷூ எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனேன். கூட்டமில்லாத மத்தியானங்களில் உருட்டிப் பார்த்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்தே பிடித்தேன். தேசியப் பட்டங்களை எண்ணுவதை நானே விட்டுவிட்டேன். மலேசியாவில் என் பேரைச் சொல்லத் தடுமாறினார்கள், ஜெயித்த பிறகு கற்றுக்கொண்டார்கள். அறுபதைத் தொடும்போதும் என் மகள் வயசுக்காரிகளைத் தோற்கடித்தேன். தற்பெருமை என்பவர்கள் வந்து என்னோடு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சொல்லட்டும்.

விரல் வீங்குவதும் வற்றுவதும் எங்களுக்குச் சகஜம். அதற்குத் தக்கபடி ஓட்டைக்குள் டேப் ஒட்டுவோம், பிரிப்போம். எல்லா டேப்பையும் பிரித்தேன். போதவில்லை. என் வீட்டுக்காரர் கல் செதுக்குகிறவர். பட்டறையில் குடைகிற மிஷின் உண்டு. கொஞ்சம் பெரிசாக்கித் தரச் சொன்னேன். குடைந்தார். சில வாரம் நன்றாக ஆடினேன். மறுபடி மாட்டியது. மறுபடி குடைந்தார்.

"இன்னாமே, ஓட்டை பெருசாகிகினே போவுது? கோளாறு பந்துலயா, உங்கையிலயா?"

"மழைக்கு பந்து ஊதிக்கீதுய்யா."

"ஊதறதுக்கு அது இன்னா பூரியா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதற்குள் காலையில் என் இரண்டு கையும் மூடியபடியே எழ ஆரம்பித்திருந்தன. ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் குளியலறைத் தாழ்ப்பாளை உள்ளங்கையால் தள்ளிப் போட்டுவிட்டேன். இழுத்துத் திறக்க விரலில் பிடி இல்லை. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். கடைசியில் கத்தினேன். அவர் கடப்பாரையோடு ஓடிவந்து கதவை நெம்பினார். ஈரப் புடவையோடு நின்ற என்னைப் பார்த்து, முதல் தடவையாக ஒரு கிண்டலும் செய்யவில்லை.

அன்றைக்கே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "எவ்ளோ நாளா இருக்கும்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நேத்துலேந்துதான்," என்றேன்.

வீட்டுக்காரர் பையைத் திறந்து பந்தை மேசைமேல் வைத்தார். "மேடம், இது அவ கட்டவெரலுக்கு அளவெடுத்தா மாரி இருந்த ஓட்டை. நான்தான் குடைஞ்சிகினே வந்தேன்."

டாக்டரம்மா தன் விரலை விட்டுப் பார்த்தார். இன்னொரு விரலையும் சேர்த்து விட்டார். இரண்டும் போயின. "இது நேத்து வந்தது இல்லம்மா," என்றார்.

முடக்குவாதம் (உடம்பின் காவல் சக்தியே மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குவது). எக்ஸ்ரே படத்தில் என் கட்டைவிரல் மூட்டு அரித்திருந்தது.

"அரிச்சது திரும்ப வளராது. இனிமே அரிக்காம பாத்துக்கலாம்."

"நான் ஆடுவேனா?"

"கட்டைவிரலைப் பந்துக்குள்ள வெக்காதீங்க."

நான் சம்பாதித்த வீடும் பேரும் அந்த விரல் போட்ட பிச்சை.

மெத்தோட்ரெக்சேட் (தாக்கும் சக்தியைத் தணிக்கும் மாத்திரை) வாரத்துக்கு ஒரே நாள்தான். இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். மறந்து தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. மறுநாள் குமட்டும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ரத்தப் பரிசோதனையை (ஈரலும் ரத்த அணுக்களும் நலமா என்று பார்ப்பது) தவறவிடாதீர்கள். நான் சாம்பியன் என்பது மாத்திரைக்குத் தெரியாது. கோப்பைகள் இருந்த அறையிலேயே அடைந்து கிடந்தேன். பக்கத்துப் பட்டறையில் உளி விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் கைமேல் பொறாமை வந்தது.

வீக்கம் வடிந்த பிறகு, டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு, பந்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "அடைச்சுடுய்யா."

"நெஜமாவாமே?"

"அடையேன்யா."

கல் ஒட்டும் பசையை ஊற்றி, இறுகியதும் இழைத்துக் கொடுத்தார். இப்போது அந்தப் பந்தை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி, முதன்முதலாக வரும் பிள்ளைகள் மாதிரி குனிந்து உருட்டுகிறேன். பாதித் தடவை பந்து ஓரப் பள்ளத்தில் விழுகிறது. வலித்தால் நிறுத்திவிடுகிறேன்.

மாத்திரை போட்டும் காலையில் கை உடனே திறப்பதில்லை. வெயில் ஜன்னலுக்கு வந்தபிறகும் மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விரல் விரிந்தால்தான் எனக்கு விடிகிறது.

முன்பெல்லாம் பந்து கையை விட்டதுமே எத்தனை கட்டை விழும் என்று தெரிந்துவிடும். பார்க்காமலே திரும்பி நடப்பேன். அந்த நடைக்கே கைதட்டுவார்கள். இப்போது எதுவும் தெரிவதில்லை. ஆடுகிற கடைசிக் கட்டை விழுமா, நிற்குமா என்று நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.