ஸ்டோர் அண்ணனும் சாயப்பொடியும்

ஷிப்ட் முடிந்த நேரத்தில் கையில் காற்றுக் குழாயோடு நிற்பவராகத்தான் ஸ்டோர் அண்ணன் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாய் அது. எங்கள் திருப்பூரில் அதற்கு ‘ஏர்’ என்றுதான் பெயர். சாயப்பொடி அறையில் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கைகளை விரித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்பார்கள். தலையிலிருந்து கால்வரை காற்றை அடித்து, உடம்பில் ஒட்டியிருந்த பொடியையெல்லாம் பறக்கவிடுவார். பஸ் சீட்டில் கறை படியக் கூடாது, வீட்டில் பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கக் கூடாது, அவ்வளவுதான் எல்லாருடைய கவலையும். மேற்கு ஜன்னல் வெயிலில் அந்தத் தூசி சிவப்பும் ஊதாவுமாக மிதப்பதை லேப் கதவருகே நின்று நானும் ரசித்திருக்கிறேன்.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, திருப்பூர் ராயபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்த டையிங்குக்கு, அதாவது துணிக்குச் சாயமேற்றும் ஆலைக்கு, நான் வேலைக்குப் போன புதிது. ஒரு துண்டுத் துணியில் நாங்கள் லேபில் கொண்டுவரும் நிறத்தைப் பெரிய மெஷினில் கொண்டுவர, டிரம்மிலிருந்து பொடியை அள்ளி எடை போட்டுக் கொடுப்பது ஸ்டோர் அண்ணன் வேலை. மூலனூர்ப் பக்கத்துக்காரர். நல்ல ஆகிருதி, கட்டடம் அதிரும் சிரிப்பு. தோளில் கை போடாமல் எந்த ஆணிடமும் அவரால் பேச முடியாது. கூட வேலை செய்கிறவர்களின் குழந்தைகள் கண்ணில் பட்டால் தூக்காமல் விடமாட்டார். மாஸ்க் எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் அது தாடையில்தான் தொங்கும். வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட் வருகிற நாளில் மட்டும் எல்லாருக்கும் திடீரென்று மூக்கு முளைத்துவிடும். மற்ற நாட்களில் மூக்கைக் காப்பது வெல்லக்கட்டியும் வாழைப்பழமும். எடை போட்டு முடித்ததும் அவை இரண்டும் வரும். தொண்டையில் இறங்கிய பொடியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை நம்பினோம். பொடி போவது மூச்சுக்குழாய்க்கு, வெல்லம் போவது வயிற்றுக்கு. இரண்டும் வழியில் சந்திக்கவே போவதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. படித்த எனக்கும்தான் தோன்றவில்லை.

முதலில் தும்மல். அப்புறம் சாயங்கால இருமல். பிறகு மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்பது. பொங்கலுக்கு டையிங் மூடி ஊருக்குப் போய்விட்டு வந்தால் மனிதர் தெம்பாக இருப்பார். “ஊருக்குப் போனா ஒடம்புக்கு ஒண்ணும் பண்றதில்லீங்க அம்மிணி. இந்த ஊர்க் காத்துதான் எனக்கு ஆகறதில்ல” என்பார். வேலைக்கு வந்த சில நாட்களில் மறுபடியும் நெஞ்சில் விசில் கேட்கும். கடைசியில் ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். துணியின் நூலோடு பிடிவாதமாக ஒட்டிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட சாயம் அது. மூச்சோடு உள்ளே போனால் உடம்போடும் ஒட்டிக்கொள்கிறது. சிலருடைய உடம்பு அதை எதிரி என்று அடையாளம் கண்டுகொள்கிறது. அப்படி ஒருமுறை கண்டுகொண்டுவிட்டால் பிறகு சிட்டிகைப் பொடி போதும், மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும். அந்த அறை வாசலைக்கூட இனி மிதிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர், அவரைத் துணி குடோனுக்கு மாற்றினார். இழுப்புக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பம்பை மட்டும் அண்ணன் யார் எதிரிலும் எடுக்கமாட்டார். “பம்பு பழகிட்டா அப்புறம் சாகற வரைக்கும் அதேதானுங்க கதி” என்று பயந்தார். பயப்பட வேண்டியது எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியவில்லை.

அந்த ஆயுத பூஜை அன்று தெரிந்தது. காலையிலேயே பொடி அறையைச் சுத்தம் செய்கிறோம் என்று, மூலை முடுக்கெல்லாம் ஏர் பிடித்துத் தூசியை அடித்திருந்தார்கள். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. தரையிலிருந்து போனதெல்லாம் டியூப் லைட்டின் மேலும் இரும்பு விட்டங்களின் மேலும் போய் உட்கார்ந்திருந்ததை யார் நிமிர்ந்து பார்த்தார்கள்? தராசுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவது வருஷா வருஷம் ஸ்டோர் அண்ணன்தான். இந்த ஒரு நாள்தானே, இன்றைக்குப் பொடி அள்ளும் வேலையே இல்லையே என்று எல்லாரும் கூப்பிட்டோம். அவரும் வெள்ளை வேட்டி, புதுச் சட்டையோடு மனைவியை அழைத்துக்கொண்டு வந்து, தன் பழைய அறைக்குள் சந்தோஷமாக நுழைந்தார்.

கற்பூரம் காட்டும்போதே இருமத் தொடங்கினார். “சாம்பிராணிப் புகைங்க. அந்த ஃபேனைப் போடுங்க” என்றார் முதலாளி. பெரிய பெடஸ்டல் ஃபேனை யாரோ அவர் பக்கம் திருப்பிப் போட்டார்கள். விட்டத்தில் இருந்ததெல்லாம் இறங்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் தராசைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மூச்சை இழுக்கிறார், இழுத்தது வெளியே வரமாட்டேன் என்கிறது. ஒருவர் முதுகைத் தடவினார், ஒருவர் ஓடிப்போய் வெல்லம் கொண்டுவந்து வாயில் திணிக்கப் பார்த்தார். அவர் மனைவி பையிலிருந்து பம்பை எடுத்து நீட்ட, அத்தனை பேர் எதிரில் வேண்டாம் என்று அந்த நிலையிலும் அவர் கையைத் தள்ளினார். அப்போதுதான் அவருடைய சட்டைக் காலரைப் பார்த்தேன். வியர்வையில் நனைந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் மலர்ந்துகொண்டிருந்தன. காய்ந்த பொடி கண்ணுக்குத் தெரியாது, ஈரம் பட்டால்தான் நிறம் காட்டும். இது புகை இல்லை என்று எனக்குப் புரிந்தது. “ஃபேனை நிறுத்துங்க, அவர வெளியே தூக்குங்க” என்று கத்தினேன். உதடு நீலம் பாரித்த அந்தப் பெரிய உடம்பை நாலு பேர் வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் மனைவி அழவில்லை. கூடவே ஓடி, அவர் வாயைப் பலவந்தமாகத் திறந்து பம்பை அடித்துக்கொண்டே இருந்தார். பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருந்தால் நீங்கள் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதன் பிறகு அவர் டையிங் பக்கமே வரவில்லை, ஊரோடு போய்விட்டார்.

நான் இப்போது வேறொரு டையிங்கில் லேபுக்குப் பொறுப்பு. பொடி அறைக்குள் யாரும் ஏரைத் தொடக் கூடாது, ஃபேன் கூடாது, சிந்தினால் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், டிரம்மின் மூடி திறந்திருக்கக் கூடாது, பொடியை உயரத்திலிருந்து கொட்டக் கூடாது. இப்படி நச்சரிப்பதால் எனக்குப் பயந்தாங்கொள்ளி மேடம் என்று பெயர். பெயரைப் பற்றிக் கவலையில்லை. நான் ஜாக்கிரதையான ஆள் என்றுதான் போன சனிக்கிழமை மதியம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வேலை சீக்கிரம் முடிந்ததால் அங்கிருந்தே பஸ் ஏறி, ஸ்டோர் அண்ணனைப் பார்க்க மூலனூர் போனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். பாதியாக இளைத்திருந்தார். சிரிப்பு மட்டும் அதேதான். நான் கேட்டைத் திறக்கக் கை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

“அங்கயே நில்லுங்க அம்மிணி. டையிங்ல இருந்து நேரா வர்றீங்களா?”

“ஆமாங்கண்ணா. கை கால் கழுவிட்டுத்தான் வந்தேனுங்க.”

“தலமுடியில இருக்குமுங்க. துணியில இருக்கும். தப்பா நெனச்சுக்காதீங்க. நமக்கு ஒடம்பு தாங்காது.”

அவர் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரைக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு வேகமாக உள்ளே போனார். அண்ணன் காற்று வரும் திசையைப் பார்த்து, என் மேல் பட்ட காற்று தன் மேல் வராத பக்கமாகக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆற்றின் இரு கரையில் நிற்பவர்கள் போலச் சத்தம் போட்டுப் பேசினோம். “நான் எத்தன பேரு மூஞ்சிக்கு நேரா ஏர் புடிச்சிருப்பேன், அவங்களெல்லாம் நல்லா இருக்காங்களாங்க?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தோளில் கை போடாமல் பேசத் தெரியாத மனிதர், நான் கிளம்பும்வரை அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துப் பயந்தார். அதுவரை என்னைப் பார்த்து யாரும் பயந்ததில்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரையும் உட்காரவிடாமல் ஜன்னலோரம் ஒடுங்கியே வந்தேன். ராயபுரத்தில் வீட்டுக் கதவைத் திறந்ததும் என் சின்ன மகள் கைகளை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். “அங்கேயே நில்லு கண்ணு, அம்மா குளிச்சிட்டு வந்துடறேன்” என்றேன். என் குரல் அவளை மிரட்டியிருக்க வேண்டும். முகம் வாடிப்போய் உள்ளே போனாள். நான் வேலைக்குப் போயிருக்கும்போதெல்லாம் என் துப்பட்டா ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்குவாள். முந்தின நாள் டையிங்குக்கு நான் போட்டுப்போன, இன்னும் துவைக்காத துப்பட்டாவை எடுத்து வந்து, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள்.