மார்லீஸின் இருக்கை

லோதார் பெரிய தப்பு எதுவும் செய்கிற ஆள் இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஜெர்மனியின் ஐஃபெல் மலைக் கிராமங்களில் தபால் கொடுத்தவர். ஒரு கடிதம் வீடு மாறிப் போனதில்லை, ஒரு நாய் கடித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் தன் ஐம்பத்தொன்பதாவது வயதில், காரின் எடையில் பதினான்கு கிலோ குறைப்பதற்காக மனைவியின் இருக்கையைக் கழற்றிக் கீழே வைத்தார். வளையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும் பிடிக்கிற கிறுக்கு அது.

வளையம் என்றால் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். காட்டுக்குள் இருபது கிலோமீட்டர் வளைந்து ஏறி இறங்கி வரும் பந்தயப் பாதை. பந்தயம் இல்லாத நாட்களில் சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். லோதாரிடம் திறந்த கூரையும் இரண்டே இருக்கையும் கொண்ட பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ரொட்டிக் கடைக்கும் அதில்தான் போவார், மாதம் ஒருமுறை வளையத்துக்கும் அதில்தான் போவார். குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் பாதையின் தடுப்புக் கம்பி வசந்தத்தில் திறக்கிற முதல் நாள், முதல் சுற்று மட்டும் மார்லீஸோடு. கல்யாணத்துக்கு முந்தியே தொடங்கிய வழக்கம். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, மடியில் ஆப்பிள் கேக் டப்பாவோடு அவள் ஏறி உட்காருவாள். சுற்று முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் இருவரும் கேக் தின்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மார்லீஸுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த வசந்தத்தில் அவள் வரவில்லை. லோதாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த குளிர்காலத்தில், கிடைத்ததிலேயே கெட்டியான, குட்டையான ஸ்ப்ரிங்குகளை வாங்கித் தானே மாட்டினார். கார் தரையோடு தரையாக இறங்கியது. இருக்கையும் போனது. அந்த ஊரில் காரில் எதை மாற்றினாலும் பரிசோதகர் பார்த்து ஆவணத்தில் எழுத வேண்டும். எழுதினார்: இருக்கை, ஒன்று.

மார்லீஸ் அந்த இருக்கையைச் சமையலறைக்குத் தூக்கிவரச் சொன்னாள். ஒரு மரப்பெட்டி மேல் அதைப் பொருத்திக்கொண்டு, "வீட்டுல இருக்கிற எல்லா நாற்காலியையும் விட இது நல்லாத்தான் இருக்கு" என்றாள். உருளைக்கிழங்கு உரிப்பது, குறுக்கெழுத்துப் போடுவது எல்லாம் அதில்தான். அவளுக்குச் சந்தோஷம் என்றே லோதார் நம்பினார். இந்த மாதிரி விஷயங்களில் நம் ஆண்களுக்குக் கண் கொஞ்சம் மந்தம்.

கார் என்ன ஆயிற்று என்றால், ரொட்டிக் கடைக்குப் போய் வருவதற்குள் பல் ஆடியது. வளையத்தில் ஒவ்வொரு மேட்டிலும் தவளையாகத் துள்ளியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னால் குழந்தை இருக்கை கட்டிய குடும்பக் கார் ஒன்று அவரைத் தாண்டிப் போயிற்று. மறுநாளே லோதார் பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கும் ரோஸ்வித்தாவிடம் போய் நின்றார். வயதில் பாதியைக் கார்களுக்கு அடியிலேயே கழித்தவள் அவள். வாயும் அதற்கேற்ற வாய்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். "ஏம்ப்பா, இது காரா டிராக்டரா? டிராக்டர்ல கூட சீட்டுக்கு அடியில ஸ்ப்ரிங் வெச்சிருப்பான்."

"பந்தயக் காருக்கெல்லாம் கெட்டியாத்தானே போடுறாங்க?"

"மேசை மாதிரி பாதையில ஓடுறவன் போடுவான். நம்ம வளையம் பூரா மேடு பள்ளம். டயர் தரையில இருந்தாத்தானே திரும்பும்? நீ ஆகாசத்துல ஓட்டிக்கிட்டிருக்க."

காரை லிஃப்டில் ஏற்றி விளக்கடித்துப் பார்த்தவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "போல்ட்டையெல்லாம் சக்கரம் தொங்குறப்பவே முறுக்கிட்டியா?"

லோதார் தன் ஷூவைப் பார்த்தார்.

"கார் இறங்கி நின்னதும் மூட்டு மூட்டுக்கு இருக்கிற ரப்பர் புஷ் அத்தனையும் முறுக்கிக்கிட்டுக் கெடக்கு, பாரு. கார் சக்கரத்துல நிக்கணும், உள்ள ஆளு உக்காந்திருக்கணும், அப்புறம்தான் இறுக்கணும். சரி விடு. கொஞ்சம் இளக்கமான ஸ்ப்ரிங், நல்ல ஷாக் அப்சார்பர் போடுறேன். கடைக்கும் ஆகும், வளையத்துக்கும் ஆகும். உள்ள எத்தனை பேருன்னு வெச்சுக்கட்டும்?"

"ஒருத்தர்."

"மார்லீஸ்?"

"அவ சீட்டு சமையலறையில இருக்கு."

ரோஸ்வித்தா விளக்கை அணைத்தாள். "முப்பது வருஷம் தபால் குடுத்தவன், கடைசியில ஒரு சாமானை வீடு மாத்திக் குடுத்திருக்கியே, லோதார்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தப் பேச்சு அவரைக் குடைந்தது. மார்லீஸ் அந்த இருக்கையில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்த சீட்டு வேணும்."

"நான் எங்க உக்கார்றது?"

"காருல."

கத்தி நின்றது. மார்லீஸ், "முதுகு தாங்குமான்னு தெரியாதே" என்றாள். "தாங்கலைன்னா இனிமே கூப்பிடவே கூடாது. சம்மதமா?" லோதார் சம்மதம் என்றார்.

மூன்றாம் வாரம், பட்டறைக் குழியின் மேல் கார் தன் சக்கரங்களில் நின்றது. இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். ரோஸ்வித்தா குழியில் இறங்கினாள். "நான் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் இறங்கக் கூடாது. சண்டை போட்டாலும் உள்ளயே போட்டுக்கங்க."

ரோஸ்வித்தா ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினாள். ஸ்பானர் சத்தம் மேலே கேட்டது.

"பதினாலு கிலோ எடுத்தியே, எத்தனை செகண்டு மிச்சமாச்சு?" என்று மார்லீஸ் கேட்டாள்.

"ஒண்ணும் மிச்சமாகலை. ஆறு செகண்டு கூடிப் போச்சு."

குழிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.

"வலியால வரலைன்னு நீயா நெனச்சுக்கிட்ட. வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மெதுவாப் போனாப் போதும்னு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சீட்டையே கழட்டிட்ட."

"மன்னிச்சுக்க, மார்லீஸ்."

"கீழ கேக்கலை, சத்தமாச் சொல்லு!" என்றாள் ரோஸ்வித்தா.

பரிசோதகர் ஆவணத்தைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போன தடவை ஒண்ணுன்னு எழுதச் சொன்னீங்க."

"புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன். ரெண்டுன்னு எழுதுங்க."

ஏப்ரலில் கம்பி திறந்தது. மார்லீஸ் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். "வலிச்சா உன் தொடையில தட்டுவேன். அதோட ஓரங்கட்டிரு."

கார் மேடுகளில் ஏறி இறங்கியது, துள்ளவில்லை. ஆனாலும் லோதாரின் மனம் முழுக்கத் தன் தொடையிலேயே இருந்தது. பாதி தூரத்துக்குமேல் ஒரு கான்கிரீட் வளைவு வரும். பலகை பலகையாகப் போட்ட குழிவான பாதை அது, நல்ல முதுகையே கேள்வி கேட்கும். அதில் இறங்காமல் மேலோரமாகவே போய்விடலாம் என்று லோதார் முன்னாலேயே முடிவு செய்திருந்தார். வளைவு கண்ணில் பட்டது. மேலே ஒதுங்கினார்.

தொடையில் ஒரு தட்டு விழுந்தது.

வலிதான் என்று நினைத்தார். பிரேக்கில் கால் போனது.

"என்னத்துக்கு மேல போற? உள்ள விடு!"

உள்ளே விட்டார். பலகைக்குப் பலகை சக்கரம் தட்டியது. தட்டியதெல்லாம் கீழேயே அடங்கிப் போயிற்று. கேக் டப்பாவின் மூடிகூடத் திறக்கவில்லை. மார்லீஸ் தலைத்துணி பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். லோதார் அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். குழியில் கிடந்த ரோஸ்வித்தாவுக்கு, முறுக்கு விட்ட ரப்பருக்கு, மறுபடி எழுதிக் கொடுத்த பரிசோதகருக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை தாமதமாகக் கேட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு. அவளிடம் வாய் திறந்து சொல்லவும் செய்தார். காற்றுச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்டதோ என்னவோ.

வண்டி நிறுத்துமிடத்தில் கேக்கை வெட்டி அவர் கையில் கொடுத்தாள். மெல்ல நிமிர்ந்து முதுகைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, இருக்கையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை கடைக்குப் போகணும், லோதார். சமையலறைக்கு ஒரு நாற்காலி வாங்கணும்."