பன்னீர் ரோஜாவுக்கு ஊற்றிய தண்ணீர்

கல்யாணமாகி ஜலகண்டாபுரம் வந்தபோது, இளம்பிள்ளையில் என் அம்மா வீட்டுப் பன்னீர் ரோஜாவிலிருந்து ஒரு பதியனை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். புகுந்த வீட்டில் தறி என் கணவருடையது, அடுப்படி மாமியாருடையது. புழக்கடை வேலியோரம் நட்ட அந்தச் செடி ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

பன்னீர் ரோஜா பனிக்குப் பூக்கிற செடி. ஐப்பசி மழை விட்டதும் கிளைகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிட வேண்டும். "பூக்கற செடியக் கொன்னு போட்டியே புள்ள" என்று மாமியார் அங்கலாய்ப்பார். கார்த்திகையில் செந்தளிர் விடும். மார்கழி பிறந்ததும் கொத்துக் கொத்தாய் மொட்டு வைக்கும். விடியுமுன் கதவைத் திறந்தால் குளிரோடு சேர்ந்து வாசனை முகத்தில் மோதும். மல்லிகையெல்லாம் முடங்கிக் கிடக்கும் மாதம் அது. அதனால் தெருமுனைப் பிள்ளையாருக்கு மார்கழி முழுக்க என் பூதான் மாலை. என் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது; "ரோஜாப்பூக்காரப் புள்ள" என்றால் தெரியும். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

ஒரு விடியற்காலை, கோயில் பொங்கலுக்குக் காத்திருந்த பெண்கள் நடுவே பூசாரியின் மனைவி கேட்டார்: "ஏஞ்சாமி, ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அகலம் இருக்குது. அப்படி என்னதான் போடற?" அவர்கள் வீட்டில் கவுச்சி அடுப்பேறாது, முட்டையைக்கூடத் தொடமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். புகழ்ச்சியில் மறந்து போனேன்.

"மீன் கழுவுன தண்ணிதானுங்கக்கா. மேட்டூர் அணை கட்டித் தண்ணி தேங்குனதுல இருந்து சந்தைக்கு மீன் வருதுங்க, எங்கூட்டுக்காரருக்கு வாராவாரம் வேணும். செதிலு, குடலு எல்லாம் செடிக்குத்தானுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வெறும் சாணியில இந்த வாசம் வருமுங்களா?" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பூசாரி உள்ளே போய் மாலையைக் கழற்றி, ஒரு குச்சியில் மாட்டித் தூக்கிவந்து தெருவில் போட்டார். திரும்பிப் போய்ப் பிள்ளையார்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். எங்கிருந்தோ வந்த வெள்ளாடு ஒன்று மாலையை மென்றது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் கூசியது. பொங்கல் வாங்காமல் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை. "கொஞ்ச நாளைக்குக் கோயில் பக்கம் போவாத" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றோடு மீன் தண்ணீரை நிறுத்தினேன். அடுத்த மார்கழிக்குச் சாணி மட்டும்தான். செடிக்கு மனசே இல்லை. சுண்டைக்காய் போல நாலைந்து மொட்டு வைத்தது. விரிந்த பூவை மோந்தால் பச்சிலை வாசம். அந்த மாதம் பிள்ளையார் அருகம்புல்லோடு இருந்தார். ஏதோ நானே அவரைப் பட்டினி போட்டதுபோல், அந்தத் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நடப்பேன்.

ஒரு மத்தியானம் பூசாரியின் மனைவி கூப்பிடாமலேயே எங்கள் புழக்கடைக்கு வந்தார். செடியைச் சுற்றி வந்தார். ஒரு பூவைக் கிள்ளி மோந்து பார்த்துக் கீழே போட்டார்.

"பழையபடியே ஊத்து சாமி" என்றார் தணிந்த குரலில். "யாராச்சும் கேட்டா புண்ணாக்குன்னு சொல்லு. எனக்கும் ஒண்ணும் தெரியாது."

பெரியவர் பேச்சைத் தட்ட முடியவில்லை என்று சொன்னால் பொய். ஆசை ஆசையாகத்தான் ஊற்றினேன்.

மறுவருஷ மார்கழியில் பூ பழையபடி உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. விடியற்காலையில் கூடையோடு போய், பூசாரி கேட்டதற்குப் புண்ணாக்கு என்றேன். பூசாரி மாலை கட்டிச் சாத்திவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "கவுச்சிய நிறுத்துனதும் வாசம் எப்படித் தூக்குது பாருங்க. சுத்தம்னா இதுதானுங்க சுத்தம்."

அவர் மனைவி குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். திரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. என் முகம் எரிந்தது. பொங்கல் இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டேன்.

பின்னாலிருந்து ஒரு அம்மாள் சிரித்தாள். "முன்னெல்லாம் என்னா வாயி. இப்பப் பாரு, நல்லதாச் சொன்னாக்கூடப் புள்ளைக்கு வெக்கம் வந்துருது."

"வெக்கந்தானுங்க" என்றேன்.