பார்வதியின்ரை மச்சமும் மனுவேலண்ணையும்

நெடுந்தீவு வள்ளம் ஊர்காவற்றுறையில வந்து கட்டேக்கையே வள்ளக்காரன் கத்தினான்: "உங்கடை படக்காரர் மனுவேல் மோசம் போயிட்டார். மூண்டு நாள் காய்ச்சலில சீவன் போட்டுது." நான் கையில இருந்த தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சன். ஏன் முடிச்சன் எண்டு இப்பவும் விளங்கேல்லை.

மனுவேலண்ணையைத் தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன்.

நான் காலேஜை இடையில விட்டிட்டுத் திரிஞ்ச காலம், அவரும் நானும் கூட்டாப் படம் பிடிக்க வெளிக்கிட்டனாங்கள். என்ன கமெரா வாங்கிறது எண்டு யாழ்ப்பாணத்துக் கடையிலேயே சண்டை. எனக்குக் கைக்குள்ள அடங்கிற சின்னன் வேணும். "அதின்ரை பிலிம் நகத்தளவு. பெருப்பிக்க மிசின் வேணும். நெடுந்தீவில கரண்டுக்கு எங்கை போறது?" எண்டார். கறுப்புத்துணி போர்க்கிற பெரிய பெட்டியும் ஏலாது, அதின்ரை கண்ணாடித் தட்டு வள்ளத்தில உடையும். கடைசியா, மேலும் கீழுமா ரெண்டு கண் வைச்ச பெட்டி. ஒரு சுருளில பன்னிரண்டு படம். பிலிமை மருந்து பூசின கடதாசிக்கு மேல வைச்சு வெயிலில காட்டினாப் படம் அதே அளவில விழும், கலியாணப் பேச்சுக் கடிதத்துக்குள்ள வைச்சு அனுப்பலாம்.

அதை வயித்தோட பிடிச்சுத் தலையைக் குனிஞ்சுதான் பாக்கவேணும். அதாலைதான் எங்களுக்குப் பிழைப்பு. குமர்ப்பிள்ளையை ஒரு ஆம்பிளை உத்துப் பாக்க எந்தத் தாய் விடுவா? மனுவேலண்ணை குனிஞ்சு நிண்டாப் பூசைக்கு நிக்கிற மாதிரி. "பிள்ளை, என்னைப் பாக்காதையும். கடலைப் பாரும், மாப்பிளை நீந்தி வாறானோ எண்டு," எண்டுவார். பிள்ளை சிரிக்கும். டக்கெண்டு அமத்துவார்.

பார்வதி அப்பிடிச் சிரிச்சவதான். தெற்கை காலிப் பட்டினத்தில கடை வைச்சிருந்த மாப்பிளைக்குப் போன படம் அது. முந்தி ரெண்டு பேச்சுக் குழம்பினது. இதுவும் போனால் இனி ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு தாய் பயந்துகொண்டிருந்தவ. வெயிலில படம் அடிச்சது நான். அவசரத்தில பிலிமை மறுபக்கமா வைச்சிட்டன். வலக்கன்னத்து மச்சம் இடக்கன்னத்துக்குப் போயிட்டுது. நான் கவனிக்கேல்லை.

பொம்பிளை பாக்க வந்த வரப்போற மாமிக்காரி எழும்பிட்டா. "படத்தில இருக்கிறவ வேறை. தமக்கையைக் காட்டித் தங்கச்சியைத் தள்ளப் பாக்கிறியளோ?" பார்வதி அடுப்படி வாசலில நிண்டு அழுறா. எங்களுக்கு ஆள் விட்டினம்.

மனுவேலண்ணை படத்தை ஒருக்காப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார்.

"அம்மா, மச்சத்தை விடுங்கோ. சீலைத் தலைப்பைப் பாருங்கோ. எந்தப் பொம்பிளை வலத்தோளில போடுறவ?"

மாமி படத்தைப் பறிச்சுப் பாத்தா. "ஐயோ, நாங்கள் முகத்தையெல்லோ பாத்தனாங்கள்!" எண்டு சிரிச்சிட்டா.

"மறுபக்கமா அடிச்சிட்டன். பிழை என்ரை," எண்டார் மனுவேலண்ணை.

கலியாணம் நடந்தது. ஆனால் 'இடம்வலம் தெரியாத மனுவேல்' எண்ட பேர் நயினாதீவு வரைக்கும் போயிட்டுது. சில வீடுகள் கூப்பிடுறதையே விட்டிட்டினம். ஒருநாள் வள்ளத்தில கேட்டன், "ஏனண்ணை உங்கடை தலையில போட்டனீங்கள்?"

"காலேஜை விட்டவன் எண்ட பேர் உமக்குப் போதும். ரெண்டு கெட்டபேரை நீர் சுமக்கமாட்டீர்," எண்டிட்டு வள்ளத்து முன் அணியத்துப் பக்கம் திரும்பி இருந்திட்டார்.

பார்வதியக்கா, காலியில இருந்து இதை வாசிச்சால் கேளுங்கோ. அண்டைக்குப் பிழை விட்டவன் நான். மனுவேலண்ணைக்கு இடமும் தெரியும், வலமும் தெரியும். அவர் சுமந்த அந்த 'இடம்வலம் தெரியாத' எண்ட பேரைத்தான் நான் எடுத்து வைச்சிருக்கிறன். இனி அதைச் சொல்லி என்னைக் கூப்பிடுங்கோ.