அம்மா எரியவிடாத விளக்கு

பேத்தி விளக்கடியில் உட்கார்ந்து அரசியலமைப்புப் பாடத்தை உரக்கப் படித்தாள். "இடுகாடு மாநிலப் பட்டியல். சுரங்கம் மத்தியப் பட்டியல்."

எனக்குப் பச்சைப்பால் வாடை அடித்தது.

பெயர் வைக்குமுன் இறந்த என் தம்பியைப் புதைத்த மேட்டில் அம்மா வெள்ளிதோறும் பால் ஊற்றுவாள். நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்து மந்தாரக்குப்பம் போனபோது, குழந்தையையும் தோண்டி எடுத்துப்போக அப்பா அனுமதி கேட்டார்.

தாலுகா ஆபீசில், "நெலத்த சுரங்கத்துக்குக் குடுத்தாச்சு. இனிமே டெல்லிக்காரங்கதான் சொல்லணும்" என்றார்கள்.

சுரங்க ஆபீசில், "இடுகாடு மெட்ராஸ் சர்க்கார் விசயங்க. அங்க கேளுங்க" என்றார்கள்.

இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்பா அலைந்துகொண்டிருக்கும்போதே இயந்திரம் அந்த மேட்டை அள்ளிவிட்டது.

அந்தக் கரியை எரித்து எடுத்த மின்சாரம் எங்கள் தெருவுக்கு வந்த சாயங்காலம், எல்லோரும் பல்பை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். அம்மா மட்டும் பால் செம்போடு அதன் கீழே நின்றாள்.

"அணைச்சிடுங்க. எம்புள்ள எரிஞ்சிகினு இருக்கான்" என்றாள் அப்பாவிடம்.

அவள் இருந்தவரை எங்கள் வீட்டில் சிம்னி விளக்குதான்.

"மின்சாரம் பொதுப் பட்டியல்" என்று பேத்தி படித்தாள். "ரெண்டு அரசுக்கும் பொறுப்பு இருக்கு, தாத்தா."

நான் எழுந்துபோய் அவள் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தேன்.