தானாகக் கழன்ற வயர்

மூன்றாம் வகுப்பில் படிக்கும்போதே எனக்குச் சொந்தமாக ஒரு கார் இருந்தது. சிவப்பு நிறம், திறந்த கூரை, உட்கார்ந்து பெடலை மிதித்தால் பேட்டரியில் ஓடும். ஷார்ஜாவில் இருந்த மாமா கார்கோவில் போட்டு அனுப்பியிருந்தார். எங்கள் ஊரில் அப்போது பெரியவர்களிலேயே பாதிப் பேருக்குக் கார் கிடையாது. அதனால் நான் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஷார்ஜாவில் பூமி தட்டையாக இருக்கும்போலும். எங்கள் வீடு பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. முற்றத்திலிருந்து ரோட்டுக்குப் போக ஒரு மண் ஏற்றம். முற்றத்தில் ராஜா மாதிரி ஓடிய கார், ஏற்றத்தைக் கண்டதும் முனகியது, நின்றது, பின்னால் சறுக்கிவந்து அப்பா ரப்பர் பால் எடுக்கும் வாளிகளில் முட்டியது.

அதற்குள் நான் பள்ளிக்கூடத்தில் வாயை விட்டிருந்தேன். திருவோணத்தன்று கிளப் மைதானத்துக்கு நானே கார் ஓட்டி வருவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டுப் பையனிடம் கியர் சைக்கிள் இருந்தது. “இழுக்கக் கயிறு கொண்டு வாறேன் பிள்ள, கவலப்படாத” என்று அவன் ஆறுதல் சொன்னான். மைதானத்துக்குக் கார் வராவிட்டால் பத்தாம் வகுப்பு வரைக்கும் அந்தக் கயிறு என்னை விடாது என்று எனக்குத் தெரியும். சோறு இறங்கவில்லை.

அப்பாவிடம் அழுதேன். “களிப்பாட்டக் காருக்கு எதுக்கு ஏற்றம்? முற்றத்திலயே ஓட்டு மக்கா” என்றார். அவருக்கு வேறு கவலை இருந்தது. அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். டிகிரி முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருந்தாள். பரீட்சைகளும் வந்துகொண்டே இருந்தன. அரசாங்க வேலைக்காரனுக்குத்தான் தங்கையைக் கொடுப்பேன் என்பது அப்பாவின் பிடிவாதம். அப்படி வந்தவர்கள் மிக்சரும் டீயும் முடித்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நன்றாக யோசித்திருப்பார்கள், யாரும் திரும்பி வரவில்லை.

வழி சொன்னது அம்மாதான். “வெள்ளறடையில ஒரு மோட்டார் வைண்டிங் கடை உண்டு. நம்ம மிக்சிய அங்கதான் சரியாக்கினேன். அந்தப் பையன் நல்ல மரியாதை உள்ளவனாக்கும். நீயும் பிள்ளையும் ஒருக்கா போய்க் கேட்டுட்டு வாங்க” என்று அத்தையிடம் சொன்னாள்.

“எனக்குப் படிக்க உண்டு மைனி” என்றாள் அத்தை. அம்மா அந்தப் புத்தகத்தை மெதுவாக மூடி அலமாரியில் வைத்தாள். காரை ஒரு ஆட்டோவில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நாங்கள் போனோம்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், “காருக்கு ஓனர் ஆரு?” என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் ‘முதலாளி’. காரைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது மிட்டாய் திங்கிய மோட்டோராக்கும், முதலாளி. ஏற்றம் ஏறணுமெங்கில் கஞ்சி குடிக்கிய மோட்டோர் வேணும்.”

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. அத்தைக்கும் சிரிப்பு வந்தது. பழைய ஜீப்பின் வைப்பரை ஆட்டிய மோட்டார் ஒன்றையும் ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றையும் எடுத்துத் தந்தார். எதை எங்கே மாட்ட வேண்டும் என்று ஒரு அட்டையில் படம் போட்டுக் காட்டினார். அத்தை கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பி.எஸ்.சி.க்குக்கூட அவள் அத்தனை கருத்தாகப் படித்து நான் பார்த்ததில்லை.

வேலையெல்லாம் எங்கள் வீட்டு முன்பக்க சிட்அவுட்டில் நடந்தது. அத்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பழைய மோட்டாரைக் கழற்றினாள். பல் உடைந்த பிளாஸ்டிக் சக்கரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜீப் மோட்டாரை இரும்புப் பட்டையால் இறுக்கினாள். சீட்டுக்கு அடியில் பேட்டரியை வைத்து, சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக வயர்களை இழுத்தாள். ரப்பர் வெட்டிவிட்டு வந்த அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“இதெல்லாம் பி.எஸ்.சி.யில கேக்குதானா?”

“பொது அறிவாக்கும் அண்ணா” என்றாள் அத்தை, நிமிராமலே.

கார் ஓடியது. ஆனால் அதற்கு ஒரு விசித்திரமான நோய் பிடித்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நன்றாக ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் செத்துக் கிடக்கும். அம்மா சிட்அவுட்டைப் பெருக்கிக்கொண்டிருப்பாள், நான் காரில் ஏறி மிதிமிதியென்று மிதித்துவிட்டு அழுவேன். அத்தை வந்து சீட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள். ஒரே பார்வைதான். “இது நமக்கு ஆவாது மக்கா, வெள்ளறடைக்குத்தான் போணும்” என்று சொல்லித் தலை சீவப் போவாள். காரைச் செய்தவளே இவள்தானே, இதையும் பார்த்துவிடலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. என் சந்தேகமெல்லாம் கயிறு வைத்திருந்த பையன்மேல் இருந்தது.

கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் அதே கறுப்பு வயரைத்தான் எடுத்துக் காட்டினார். “வயர் தன்னால கழறாது, முதலாளி” என்று என்னிடம் சொல்லிவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரில் இருந்த காலண்டரை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தாள். “ஏற்றத்தில குலுங்கும்லா” என்று நான்தான் விளக்கம் கொடுத்தேன். பக்கத்து டீக்கடையிலிருந்து எனக்குப் பழம்பொரி வரும். நான் அதை ஊதி ஊதித் தின்று முடிப்பதற்குள் அந்த ஒரு வயர் மாட்டப்பட்டுவிடும். சும்மா அனுப்பக்கூடாது என்று ஒருமுறை ஹெட்லைட் மாட்டினார். இன்னொரு முறை ஹாரன். பிறகு, பின்னால் எடுத்தால் பாட்டுப் பாடும் ஒரு பெட்டி. என் கார்மேல் இப்படி அக்கறை உள்ள மனிதர் உலகத்தில் வேறு யாருமில்லை என்று நான் உறுதியாக நம்பினேன்.

ஓணம் நெருங்கியபோது ஒரே ஒரு குறைதான் பாக்கி. மோட்டாருக்குப் பலம் வந்துவிட்டது, ஆனால் பிளாஸ்டிக் சக்கரம் மண்ணில் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றியது. “பழைய டியூப வெட்டி ஒட்டலாம்” என்றார் கடைக்காரர். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. “ரப்பர் வெட்டுத வீட்டில இருந்துட்டு வெளியில டியூப் தேடணுமா? வெக்கக்கேடாக்கும்” என்றாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டுகளில், இன்னும் புகை போடாத, வெள்ளை மாறாத ஒன்றை எடுத்தாள். பட்டையாக வெட்டி, ரப்பர் பாலையே பசையாகத் தடவி, நான்கு சக்கரத்திலும் சுற்றினாள். மிச்சத் துண்டைப் பெடலின் மேலும் கீழும் ஒட்டினாள். என் கால் வழுக்காது, பெடலும் தட்தட்டென்று இடிக்காது.

அன்று சாயங்காலம் கார் ஏற்றம் ஏறியது. முனகவில்லை, சறுக்கவில்லை. உச்சியில் நின்று நான் ஹாரனை அழுத்தியபோது சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே அத்தையும் அம்மாவும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள்.

திருவோணத்தன்று நல்ல வெயில். புதுப்பாவாடை கட்டி, ஹெட்லைட்டைப் பகலிலேயே எரியவிட்டு, மைதானத்துக்குள் நுழைந்தேன். என் வகுப்பே வாய் பிளந்து நின்றது. கயிற்றுப் பையனைக் கண்டதும் ஹாரன் அடித்தேன். கூட்டத்தில், கசங்காத வேட்டி உடுத்திக் கடைக்காரரும் நின்றார். என் கார் ஓடுவதைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

நிறுத்தலாம் என்று காலை எடுத்தேன். கார் நிற்கவில்லை. புகையில் உலர்த்தாத ரப்பர் வெயிலில் இளகி, பெடலைக் காரின் தரையோடு ஒட்டிவைத்திருந்தது.

வேகம் ஒன்றும் இல்லை, ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் நடந்துகொண்டே இருந்தது. “நிக்கல்ல! நிக்கல்ல!” என்று கத்தினேன். இடது பக்கம் செண்டை மேளக்காரர்கள். வலது பக்கம் பாயச உருளி. நேரே, பரிசுக்காகக் கிளப்காரர்கள் விடிய விடியப் போட்ட அத்தப்பூக்களம். பாயசத்தைக் காப்பாற்றினேன். அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

“அய்யோ, நம்மடெ பூக்களம்!” என்று கிளப் செயலாளர் தலையில் கை வைத்தார். கார் நிதானமாகப் பூக்களத்தைக் கடந்தது. செண்டுப்பூவும் வாடாமல்லியும் அப்படியே சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்துவந்தன. பின்னால் இரண்டு வெறும் மண் தடங்கள். கடைக்காரர் ஓடிவந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். அந்தரத்தில் சுற்றிய சக்கரங்கள் எல்லார் மேலும் பூவை வாரி இறைத்தன. அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, ஒரு வயரைப் பிடுங்கினாள். கார் நின்றது.

“ஆரு செஞ்ச வேல இது?” அப்பாவின் குரல்.

“எனக்க பொறுப்பாக்கும் அண்ணாச்சி” என்றார் கடைக்காரர், தலைமுடியில் பூவோடு. ரப்பர் யோசனை அத்தையுடையது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு பிடி நேந்திரங்காய் உப்பேரியைப் போட்டாள்.

அப்பா குந்தி உட்கார்ந்து சக்கரத்தைக் கிள்ளிப் பார்த்தார். “பொகை காட்டாத ஷீட்ட ஆராவது வெயிலில இறக்குவினுமா? ஒட்டாம என்ன செய்யும்?” என்று தொடங்கினார். ரப்பரைப் பற்றித் தொடங்கினால் அப்பாவால் நிறுத்த முடியாது, அவருக்கும் பெடல் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் நாங்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. கடைக்காரர் கேட்டார். கேட்டுக்கொண்டே சக்கரத்திலிருந்து பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுக்க, அத்தை அதை வாங்கிப் பூக்களத்தில் திரும்ப அடுக்கினாள். கடைசியில் அப்பா காரைக் கவிழ்த்துப் பார்த்து, “ஜீப் மோட்டோரா? கொள்ளாமே” என்று மெச்சினார். “திருவோணமும் அதுவுமா வந்த ஆளச் சாப்பிடாம விடக்கூடாது” என்றாள் அம்மா. அவர் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார். என் காரைச் சரிசெய்ததற்கான மரியாதை அது என்று நினைத்து, என் பப்படத்தையும் அவருக்கே கொடுத்தேன்.

அடுத்த ஓணத்துக்கு முன்பே அத்தைக்கும் அவருக்கும் கல்யாணம் முடிந்தது. தானே தேடிக் கண்டுபிடித்த மாப்பிள்ளை என்று அப்பா இன்றும் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறார். அரசாங்க வேலையைப் பற்றிய பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு கார் ஒருமுறைகூடக் கெடவில்லை. மெக்கானிக்கே மாமாவாக வந்துவிட்டதால் காருக்குப் பயம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். எனக்குப் புரியாமல்போனது ஒன்றுதான். என் அம்மா பல்பு மாட்டக்கூட அப்பாவைக் கூப்பிடுகிறவள். வெள்ளறடைக் கடைக்கு எங்களோடு ஒருநாளும் வந்ததில்லை. அத்தனை வயர்களுக்கு நடுவே எந்த வயரைப் பிடுங்கினால் கார் நிற்கும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? ஞாயிற்றுக்கிழமை காலைதோறும், பெருக்குகிற சாக்கில், தையல் மெஷினின் சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதே வயரை அவிழ்த்துப் பழகிய விரல்களுக்குத்தான் அது தெரியும். அன்று மைதானத்தில் யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. எனக்கும்தான். என் வாய் நிறைய உப்பேரி இருந்தது.