கருமணல் கடவம்

ஈரக் கருமணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள், மணிக்கட்டு தானாகத் தாழும். அந்த மணலுக்குள் தோரியம் என்றொரு உலோகம் இருக்கிறது, அது ஈயத்தைவிடக் கனம், அதன் சாம்பல் எந்த அடுப்பிலும் உருகாது, ஆகவேதான் பெட்ரோமாக்ஸ் விளக்கில் தோரியம் தோய்த்த 'மேண்டில்' துணி எரிந்துபோன பிறகும் சாம்பல் நின்று வெள்ளையாய் ஒளிவிடுகிறது என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புத்தகத்துக்கு முன்பே அந்தக் கனம் என் அம்மாவின் கழுத்துக்குத் தெரியும்.

நாடு விடுதலை பெற்ற புதிதில், எங்கள் கடற்கரையில் வாரிய மணலைக் 'கடவம்' என்கிற பெரிய ஓலைப்பெட்டியில் லாரிவரை சுமந்தவர்கள் பெண்கள்தான். பாதிக் கடவம்தான் நிறைப்பார்கள். அதுவே ஆற்றுமணல் முழுக் கடவத்தின் பாரம். அப்பா இல்லாத வீடு, அம்மா சுமந்தால்தான் உலை கொதிக்கும். பாரம் கூடினால் கழுத்து போய்விடும் என்று நெய்யூர் ஆஸ்பத்திரியில் வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் ஒரு புது மேஸ்திரி, மகாராசன்!

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். "ஆத்து மணலு சொமக்கவளுவ விளிம்பு முட்டச் சொமக்காளுவ, ஒனக்கு மட்டும் என்னட்டி நோவு? நெறைச்சுச் சொம, இல்லேன்னா வீட்டுக்குப் போ" என்று மேஸ்திரி அவளிடம் கத்திக்கொண்டிருந்தான். அம்மா மண்வெட்டியால் கோரிக் கோரிக் கடவத்தை விளிம்பு முட்ட நிறைத்தாள், தலையில் சும்மாட்டை வைத்தாள்.

"நெறைச்சாச்சு. தூக்கி விடும்" என்றாள்.

நிறைந்த கடவத்தை யாரும் தன் தலைக்குத் தானே ஏற்ற முடியாது. இன்னொரு ஆள் கைகொடுக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். "ஏட்டி, யாராவது வந்து புடியுங்கட்டி" என்று மேஸ்திரி மற்றப் பெண்களை அழைத்தான். ஒருத்தியும் அசையவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கம்மை சித்தி மட்டும், "எங்களுக்கு நோவு மேஸ்திரி. நீரு ஆம்பளையில்லா, தூக்கும்" என்றாள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வரக் குனிந்து பிடித்தான். முழங்கால்வரை எழும்பிய கடவம் பொத்தென்று மணலிலேயே இறங்கியது. பெண்கள் சிரித்த சிரிப்பில், பாதி மணலைத் தன் கையாலேயே வாரி வெளியே போட்டான். பிறகு அவன் நிறைக்கச் சொன்னதில்லை. அம்மாவுக்கு வேலையும் போகவில்லை.

இன்று அம்மா இல்லை, ஓலைக்கடவம் இல்லை, பெட்ரோமாக்ஸும் இல்லை. தோரியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் கனத்தையும் வெப்பத்தையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எழுதட்டும். அதைத் தலையில் சுமந்த ஒருத்தியின் பேரைக்கூட எவரும் எழுதவில்லை. என் அம்மா பேர் செல்லத்தாய். நான் எழுதிவிட்டேன்.